சாட்சியில் சொல்லாமல் விட்டவை

எங்கள் சபைகளில் சாட்சி சொல்பவனை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அவன் அழுதால் சேர்ந்து அழுவார்கள். முடித்ததும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவார்கள். சாட்சி என்பது தேவனைப் பற்றிய பேச்சு, அதைச் சந்தேகித்தால் தேவனையே சந்தேகித்ததாகிவிடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்குப் பின்னால் நான் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்தேன்.

2019 டிசம்பரில் எங்கள் வாலிபர் ஐக்கியப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சவளக்கடைக்கு அப்பால் ஒரு பயணம் போனேன். திரும்பி வரும்போது கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஒரு பையனை இழுத்துக்கொண்டு போனது. அவன் உயிரோடு மீண்டான். இதை வைத்து நான் சொன்ன சாட்சி கல்முனையில் தொடங்கி மட்டக்களப்புக்குப் போனது, மலையகத்துச் சபை ஒன்றிலும் அழைத்துச் சொல்லவைத்தார்கள். யாரோ கைப்பேசியில் பதிவுசெய்து வட்ஸ்அப்பில் போட்டபிறகு எனக்குத் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போயிற்று. அந்தச் சாட்சி உண்மையானதல்ல.

நான் சொல்லிவந்தது இதுதான். நத்தாருக்கு முந்திய வாரம், பிள்ளைகளோடு ஒரு வயல்வாடியில் இரவு முழுக்கப் பாட்டிலும் ஜெபத்திலும் இருந்தோம். விடியப்புறம் மழை கொட்டியது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. செங்கடலுக்கு முன்னால் இஸ்ரவேலர் நின்றதுபோல நின்றோம். ஜெபித்துவிட்டுக் கைகோத்து இறங்கினோம். நடுவழியில் ஒரு பையனின் கை நழுவியது. இயேசுவே என்று கூப்பிட்டேன். எங்கிருந்தோ ஒரு தோணி வந்தது. அதிலிருந்த மனிதர் அவனைத் தூக்கியெடுத்தார். அந்த நேரத்தில் அந்தத் தோணியை அங்கே அனுப்பியது யார்? இந்தக் கேள்வியோடு நான் கொஞ்சநேரம் பேசாமல் நிற்பேன். சபையில் விம்மல் கேட்கும்.

பிறகு பாடம் சொல்வேன். விசுவாசத்தோடு இறங்கியவனுக்குத்தான் வழி திறக்கும், பயந்துபோய்க் கரையில் நிற்பவன் அற்புதத்தைக் காணமாட்டான் என்பேன். முன்வரிசையில் இருக்கும் வாலிபர்களைப் பார்த்தே அதைச் சொல்வேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்து நிலத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்முனை கடலோரத்து ஊர். நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்புத் தாண்டி மேற்கே போனால் நீர்ப்பரப்பு குறுக்கிடும். மட்டக்களப்பு வாவியின் தென்கோடி அது. அதைக் கடக்கும் வீதிதான் கிட்டங்கி. அக்கரையில் சவளக்கடை, சாளம்பைக்கேணி, அன்னமலை, சொறிக்கல்முனை, மத்திய முகாம் என்று நாவிதன்வெளிப் பிரதேசம் விரிகிறது. முஸ்லிம்களும் தமிழர்களும் ஊருக்கு ஊர், சில இடங்களில் வேலிக்கு வேலி, அடுத்தடுத்து இருக்கிறார்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு அமைந்த கொளனிகளும் அந்தப் பக்கம்தான். மாரியில் மேற்கே பெய்யும் மழையும் குளங்களிலிருந்து திறந்துவிடும் தண்ணீரும் வயல்களால் வடிந்து இந்தத் தாழ்நிலத்தில் வந்து சேரும். முகத்துவாரம் வெட்டிக் கடலுக்கு விடும்வரை இறங்காது. ஆற்றுவாழை அடைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். மாரிக்கு மாரி தாம்போதி மூழ்குவதும், உத்தியோகத்தரும் பிள்ளைகளும் நோயாளிகளும் அக்கரையில் மாட்டிக்கொள்வதும், உயரமான பாலம் கேட்டு மக்கள் மனுக் கொடுப்பதும் எங்களுக்குப் பழகிப்போன செய்தி. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த மாதம் அப்படிப் போவதே தவறு. ஒரு பிள்ளையின் தகப்பன் முன்கூட்டியே தடுத்தார். மழைக்காலம், நத்தார் முடிந்து தை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். ஜெபித்துத்தான் தீர்மானித்திருக்கிறோம் ஐயா என்றேன். அந்த வார்த்தைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஜெபித்தது உண்மை. தீர்மானித்துவிட்டுத்தான் ஜெபித்தேன் என்பதும் உண்மை.

இரவு நல்லாகவே போனது. கிற்றார் வாசித்தோம், அடுப்பு மூட்டிக் கோழி சமைத்தோம். விடியுமுன் பிடித்த மழை ஓயவே இல்லை. பொழுது ஏறியபோது நனைந்த பைகளோடு தாம்போதிக்கு வந்தோம். சிவப்புக் கொடி கட்டியிருந்தது. வீதியின் இருபக்கமும் நட்டிருந்த சீமெந்துக் கட்டைகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. எங்களைப்போல வேறு சிலரும் சைக்கிள்களோடு நின்றார்கள். யாரும் இறங்கவில்லை.

அங்கே ஒருவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். சாளம்பைக்கேணிக்காரர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். தண்ணீர் விளிம்பில் ஒரு கம்பை நட்டு வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் கேட்காமலே சொன்னார்.

"இதப் பாருங்க தம்பி. நான் குத்தக்குள்ள தண்ணி இந்தக் கம்புக்கு இங்கால நிண்டது. ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாறதுக்குள்ள அங்கால போயிற்று. தண்ணி எழும்புது. இறங்குற தண்ணியில நடக்கலாம், எழும்புற தண்ணியில காலே வைக்கப்போடா."

கம்பு ஒரு சாண் அளவு தண்ணீருக்குள் நின்றது. நான் அதைப் பார்த்தேன். அதைச் சுற்றி நுரையும் வைக்கோல் துண்டுகளும் சுழன்றது இன்றும் கண்ணில் நிற்கிறது.

"காக்கா, உங்கட தோணியில கொண்டுபோய் விடுவீங்களா?" என்று கேட்டேன்.

"இந்த இழுவையில ஆளேத்தினா தோணி கவுண்டிரும். மத்தியானத்துக்குப் பிறகு ஆமிக்காரர் போட் கொண்டருவாங்க. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வீட்ட வாங்க, இரிந்து போகலாம்."

அன்று பின்னேரம் எங்கள் சபையின் ஒளிவிழா. கரோல் பாடவேண்டிய பிள்ளைகள் என்னோடு நின்றார்கள். நிகழ்ச்சிக்குப் பொறுப்பாளன் நான். பிந்திப் போனால், மழைக்காலத்தில் போகவேண்டாம் என்ற அந்தத் தகப்பன் சொன்னது சரியென்று சபை முழுக்கத் தெரிந்துவிடும். என்னை அவசரப்படுத்தியது இதுதான். வேறு ஒன்றுமில்லை. அந்தப் பெரியவரிடம் "கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன்.

அவர் போனது தோணியை அவிழ்க்க. நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்தபோது அவர் சவளைப் போட்டு, வெள்ளம் பாயும் பக்கத்தில், வீதிக்குச் சற்றுக் கீழே போய் நின்றார். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு தோணியை அங்கேயே நிறுத்திக் காத்திருந்தார். எங்கள் பிள்ளைகளில் யாராவது விழுவார்கள், விழுந்தால் அந்த இடத்துக்குத்தான் அடித்துக்கொண்டு வருவார்கள் என்று கணித்து நின்ற மனிதர் அவர். இதைத்தான் நான் "எங்கிருந்தோ ஒரு தோணி வந்தது" என்று சொல்லிவந்தேன்.

கையைப் பற்றியும் சொல்லவேண்டும். அவன் எனக்கு அடுத்ததாக நின்றான். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த பையன், கிற்றாரை முதுகில் கட்டியிருந்தான். அவனுடைய இடதுகை என் வலதுகைக்குள் இருந்தது. வீதியின் ஓரம் அரித்துப்போயிருந்த இடத்தில் என் கால் சறுக்கியது. பக்கத்தில் ஒரு சீமெந்துக் கட்டை. அதை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தேன். இரண்டு கைகளாலும் பிடிப்பதற்கு ஒரு கையை விடவேண்டும். விட்டேன். அவனுடைய கை நழுவவில்லை. என் விரல்களை அவன் இறுக்கிப் பிடித்திருந்தான், நான் உதறி இழுத்தேன். அந்தப் பிடி என் விரல்களில் இன்னும் இருக்கிறது.

அவன் ஆற்றுவாழைக்குள் போய் மறைந்தான். கிற்றாரின் கழுத்து மட்டும் ஒருதரம் தெரிந்தது. பெரியவர் மரத்தை விட்டுவிட்டு அதை நோக்கித் தோணியைச் செலுத்தினார். முதலை கிடக்கும் தண்ணீர் அது, அவருக்கும் தெரியும். தோணியை விட்டு இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று, ஆற்றுவாழை வேர்களைக் கையால் கிழித்து அவனை இழுத்தெடுத்தார். கரையில் நின்ற சவளக்கடைப் பொடியன்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து எங்களை மற்றக் கரைக்கு விடாமல், வந்த கரைக்கே திருப்பினார்கள். எங்களுக்காகத் தண்ணீரில் இறங்கியவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள்.

அவருடைய வீட்டில் உலர்ந்த சாரனும் துவாயும் தந்தார்கள். அவருடைய மனைவி அந்தப் பையனின் தலையைத் தன் முந்தானையால் துவட்டியபடி ஓதிக்கொண்டே இருந்தார். சோறும் மீன்குழம்பும் போட்டார்கள். சாப்பிடுமுன் நான் எழுந்து நின்று பிள்ளைகளோடு நன்றி ஜெபம் செய்தேன். அந்த ஜெபத்தில் அவர்களுடைய பெயர் வரவில்லை, உதவி வரவில்லை. கர்த்தரே நீர் செய்தீர் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். பின்னேரம் ஆமியின் போட் வந்தது. அவர் சொன்ன நேரத்துக்கே வந்தது.

நாங்கள் சபைக்கு வந்து சேர்ந்தபோது ஒளிவிழா தொடங்கிவிட்டது. நேரே மேடைக்கு ஏற்றினார்கள். அந்த இரவிலேயே, உடுப்பு மாற்றாமலே, அந்தச் சாட்சியை முதன்முதலாகச் சொன்னேன். பெற்றோர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். சிவப்புக் கொடி, கம்பு, பெரியவரின் புத்திமதி, என் கை எல்லாம் அந்தக் கணத்திலேயே கழன்று விழுந்துவிட்டன. தேவனைப் புகழ்ந்து பேசியதால் என்னிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. போகவேண்டாம் என்று தடுத்த தகப்பன்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

தோணிக்காரர் முஸ்லிம் என்பதை ஏன் விட்டேன்? இதற்கு அந்த வருடத்தை நினைக்கவேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்தஞாயிறு. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் பலர் உட்பட எங்கள் சனம் செத்தது. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில், எங்கள் வீடுகளுக்குச் சத்தம் கேட்கும் தூரத்தில், அந்தத் தாக்குதலை நடத்திய முஸ்லிம் தீவிரவாதக் கும்பலைச் சேர்ந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்துப் பிள்ளைகளோடு செத்தார்கள். அவர்களைப் பற்றித் தகவல் கொடுத்தது அந்த ஊர் முஸ்லிம்களே என்பது எல்லாருக்கும் தெரிந்த விடயம். ஆனாலும் எங்கள் இடத்தில் அந்த நேரம் முஸ்லிம்களைப் பற்றி நல்ல வார்த்தை எடுபடாது. ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி உண்ணாவிரதம் நடந்தபோது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் இருந்த மிச்ச முகப்பேச்சும் குறைந்தது. அந்த டிசம்பரில், சீயோனின் பிள்ளைகளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றிய அதே மேடையில், ஒரு முஸ்லிம் பெரியவர் எங்கள் பிள்ளையைக் காப்பாற்றினார் என்று சொன்னால் முகங்கள் மாறும் என்று பயந்தேன். அப்படி மாறியிருக்குமோ இல்லையோ, நான் சோதித்துப் பார்க்கவே இல்லை. அந்த வருடம் எங்கள் சபைக்கு மிகவும் தேவையாக இருந்த ஒரு செய்தி என் கையில் இருந்தது. அதை நான் கொடுக்கவில்லை. இந்தப் பாவத்தை மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானதாக எண்ணுகிறேன்.

சொல்லச் சொல்லச் சாட்சி வளர்ந்தது. முதலில் இடுப்பளவு இருந்த தண்ணீர் மட்டக்களப்பில் நெஞ்சளவாயிற்று, மலையகத்தில் கழுத்தைத் தொட்டது. பையனைப் பற்றிக் கேட்டால், அதற்குப் பிறகு விசுவாசத்தில் உறுதிப்பட்டுவிட்டான் என்பேன். அவன் அடுத்த வருடமே ஐக்கியத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

2024 நவம்பர் 26 வந்தது. பிறகு ஃபெங்கல் புயலான அந்தத் தாழமுக்கம் எங்கள் கரையோரத்தை மூழ்கடித்த நாட்கள். நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் விடுமுறை கிடைத்துச் சம்மாந்துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரைதீவு மாவடிப்பள்ளியில் வீதிக்கு மேலால் வெள்ளம். உழவு மெசின் பெட்டியில் ஏறி அதைக் கடக்கப் பார்த்தார்கள். மெசின் கவிழ்ந்தது. சிலரை மீட்டார்கள். 6 மாணவர்கள் உட்பட 8 பேர் செத்தார்கள். உடல்களைத் தேடியெடுக்கவே நாட்கள் சென்றன. கிட்டங்கி மூழ்கினால் நாங்கள் அம்பாறை, சம்மாந்துறை என்று சுற்றிக் கல்முனைக்கு வருகிற வீதிதான் அது.

அந்தப் பிள்ளைகளும் பயணத்துக்குமுன் துஆக் கேட்டிருப்பார்கள். அவர்களுடைய உம்மாமார் வாசலில் நின்று அல்லாஹ்வின் காவலை வேண்டியிருப்பார்கள். தொலைக்காட்சியில் தேடுதலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. யாரோ ஒரு விசுவாசி என் பழைய ஒலிப்பதிவை அனுப்பி, நம் தேவன் எவ்வளவு நல்லவர் பாருங்கள் என்று எழுதியிருந்தார். அந்த இடத்திலேயே அதைக் கேட்டேன். என் குரல். கரையில் நிற்பவன் அற்புதத்தைக் காணமாட்டான் என்று சொல்லும் என் குரல். திரையில் மெசின் பெட்டியைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாவடிப்பள்ளி விடயத்தில் பொறுப்பானவர்கள் என்று சிலரைக் கைதுசெய்தார்கள். அவர்கள் செய்தது சரியா பிழையா என்பது நீதிமன்றத்துக்குரியது, நான் அதற்குள் போகவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பிறர் பெற்ற பிள்ளைகளை எழும்புகிற தண்ணீரில் நானும் இறக்கினேன். என் பிள்ளை பிழைத்தான். அதனால் என்னைப் பொலிஸ் தேடவில்லை, சபைகள் தேடின.

அதன்பிறகு வேதத்தை எடுத்துக்கொண்டு அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரங்களுக்குப் போனேன். பவுலின் கப்பல் உடைந்த கதை. சிறுவயதிலிருந்து படித்ததுதான். இந்தமுறை லூக்கா எதையெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன். கிரேத்தா தீவின் நல்ல துறைமுகத்தில் கப்பல் நின்றபோது பவுல் எச்சரித்ததை எழுதியிருக்கிறார். நூற்றுக்கு அதிபதி அதைக் கேளாமல் மாலுமியையும் கப்பல்காரனையும் நம்பியதை எழுதியிருக்கிறார். கப்பலாட்கள் மற்றவர்களை விட்டுவிட்டுப் படகில் தப்பப் பார்த்ததையும் மறைக்கவில்லை. 276 பேரும் கரைசேர்ந்தபிறகு, மெலித்தாத் தீவின் வேற்று மக்கள் மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டி வரவேற்ற அன்பைப் பதிவுசெய்து, தங்கவைத்த புபிலியுவின் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார். எச்சரிக்கை, மனிதத் தவறு, கோழைத்தனம், பிறமதத்தாரின் இரக்கம், தேவனின் காவல் எல்லாம் ஒரே கதையில் இருக்கின்றன. ஒன்றுக்காக இன்னொன்றை அவர் வெட்டவில்லை. நான் நான்கை வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த ஒன்றும் அதனால் பழுதாகிவிட்டது.

பிசாசு இயேசுவைத் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்திக் குதிக்கச் சொன்னபோது சங்கீதத்தையே எடுத்துக்காட்டினான். அதை இயேசு மறுத்தார். தாம்போதியில் நான் என் பிள்ளைகளுக்குச் சொன்ன வசனமும் அதே சங்கீதத்திலிருந்து எடுத்ததுதான்.

எங்கள் முன்னோரையும் நினைத்தேன். 1813 முடிவில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மெதடிஸ்த மிஷனரிகளின் தலைவர் தோமஸ் கோக், 1814 மே மாதம் கப்பலிலேயே இறந்தார். அதே பயணத்தில் வில்லியம் ஓல்ட் தன் மனைவியைக் கடலுக்குக் கொடுத்தார். மட்டக்களப்புக்குத் தனியாக வந்து, இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரி என்று நிற்கிற பள்ளிக்கூடத்துக்கு அத்திவாரம் போட்டு, 1815இலேயே இறந்துபோனார். அந்தப் பயணத்தில் எந்தத் தோணியும் வரவில்லை. விசுவாசத்தோடு இறங்கியவனுக்கு வழி திறக்கும் என்ற என் பாடத்தின்படி பார்த்தால் அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருமா? மாவடிப்பள்ளியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்ச் சொல்லமுடியாத பாடத்தை நான் எந்த மேடையிலும் சொல்லியிருக்கக்கூடாது.

பையனுக்கு ஃபோன் எடுத்தேன். இப்போது வெளிநாட்டில் வேலைசெய்கிறான். கையை விட்டது நான்தான் என்று சொன்னேன். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.

"தெரியும் அண்ணன். பயத்தில விட்டீங்க, அதுக்கு நான் கோவிக்கல்ல. மேடையில கை நழுவிச்சு எண்டு சொல்லக்குள்ள என்னைப் பார்த்துச் சொன்னீங்களே, அதுக்குப் பிறகுதான் எனக்கு அங்க வர மனமில்லாமப் போச்சு."

வேறு வார்த்தை அவன் சொல்லவில்லை. ஜெபிக்கட்டுமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

தண்ணீர் வடிந்து வீதி திறந்ததும் சாளம்பைக்கேணிக்குப் போனேன். பெரியவருக்கு மூட்டு வருத்தம், கதிரையில் இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். முதலில் கேட்டது, "அந்தப் புள்ள எப்பிடி இரிக்கான்?" என்றுதான். நான் வந்த விடயத்தைச் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தித் தடுத்தார். என் ஒலிப்பதிவு அவருக்கு எப்போதோ கிடைத்திருக்கிறது. கல்முனைச் சந்தையில் பழக்கமான ஒரு தமிழர் போட்டுக் காட்டியிருக்கிறார். அவருடைய மகன்மாருக்குக் கோபம் வந்ததாம். இவர் விடச்சொல்லிவிட்டாராம்.

"என்னைச் சொல்லல்ல எண்டதுல எனக்கு ஒண்டுமில்ல தம்பி. அவனக் காப்பாத்தினது அல்லாஹ், நான் இல்ல. நீங்க சொன்னதுல அந்த இடம் சரிதான். ஆனா போகாதீங்க எண்டு சொன்னது நான்தானே? அந்தக் கம்பைக் காட்டினேனே? அத மட்டும் சொல்லியிரிக்கலாம். எவ்வளவு புள்ளைகள் கேட்டிருப்பாங்க. தண்ணி எழும்புனா நிக்கோணும் எண்டு ஆருக்காவது மனசுல பட்டிரிக்கும்."

நான் அழுதேன். அவர் மனைவியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச்சொன்னார். மாவடிப்பள்ளியில் தேடப்போனவர்களில் அவருடைய மகன் ஒருவரும் இருந்ததாகச் சொன்னார். அதைப் பற்றி மேலே பேச அவருக்கு விருப்பமில்லை, நானும் கேட்கவில்லை.

என் சபையில் போன வருடம் எழுந்து நின்று இதையெல்லாம் சொன்னேன். போதகர் அனுமதித்தார். பெற்றோரில் சிலர் முகம்கொடுத்துப் பேசுவதில்லை, அது நியாயம். ஒரு தாய் வந்து, "அப்ப அண்டைக்குக் கர்த்தர் காப்பாத்தலையா?" என்று கேட்டார். காப்பாற்றினார் என்றுதான் இன்றும் நம்புகிறேன், அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். முதல் காப்பாற்றல் கம்போடு கரையில் குந்தியிருந்தது. அதை நான் தள்ளிவிட்டுப் போனேன். ஆனாலும் அவர் என்னைக் கைவிடாமல், அதே மனிதரைத் தோணியோடு அனுப்பினார். அந்தத் தாய் தலையாட்டினார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

வாலிபர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். நான் பேசிய மற்றச் சபைகளுக்கு எழுதினேன், வந்து திருத்திச் சொல்ல இடம் தாருங்கள் என்று. சில சபைகள் அழைத்தன, போய்ச் சொன்னேன். ஒரு மூப்பர் பதில் எழுதினார்: அந்தச் சாட்சியால் பலர் ஆறுதலடைந்திருக்கிறார்கள் பிரதர், இப்போது அதைக் குழப்பவேண்டாம். அவரோடு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒலிப்பதிவை அழிக்க எனக்கு வழியில்லை, இந்த மாரியிலும் யாராவது யாருக்காவது அனுப்புவார்கள். அது உங்கள் கைப்பேசிக்கு வந்தால், தயவுசெய்து இதையும் சேர்த்து அனுப்புங்கள்.